நீல மூடி எந்தப் பக்கம்?

என் அண்ணிக்குச் சேற்றோடுதான் பிழைப்பு. உறவில் அண்ணி, வயதில் என்னைவிடச் சின்னவள், வாய்ச்சண்டையில் எனக்குச் சமம். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் பனிப்பாளம் நின்றிருந்த கடலின் அடியில் குழாயைச் சொருகிச் சேற்றை எடுத்து வருவார்கள். அந்தக் குழாயை நீளவாக்கில் அறுத்துத் தட்டில் வைப்பது ஆய்வுக்கூடத்தில் இவள் வேலை. மேல்முனைக்கு நீல மூடி, அடிமுனைக்குச் சிவப்பு மூடி. அடியில் இருப்பது பழசு, மேலே இருப்பது புதுசு. "இதுக்கு ஒரு சம்பளமா?" என்று நான் சீண்டுவேன். "நீ வந்து ஒருநாள் அறுத்துப் பாரு, இடுப்பு கழண்டுடும்" என்பாள்.

அன்று ஒரு குழாயைத் துடைக்கும்போது இரண்டு மூடிகளும் கழன்று கையோடு வந்துவிட்டன. குழாய்மேல் போட்டிருந்த அம்புக்குறி ஏற்கெனவே கடல்நீரில் அழிந்திருந்தது. அந்த நேரம் பார்த்து என் அண்ணன், வீட்டுச் சாவி எங்கே என்று போன் செய்தான். அவன் சட்டைப் பையில்தான் இருந்தது. போனை வைத்துவிட்டு அண்ணி ஒரு குத்துமதிப்பாக மூடிகளைத் திரும்ப மாட்டினாள்.

அறுத்ததும் பகீரென்றது. சிவப்பு மூடிப் பக்கம் ஆழமான நீரில் வாழும் பொடிச் சிப்பிகள். நீல மூடிப் பக்கம் உடைந்த பனிக்கட்டிகள் மிதந்து வந்து உதிர்த்த கற்கள். அப்படியானால் முதலில் கடல் ஆழமாகி, பிறகு பனி உடைந்திருக்கிறது. பனி உருகினால்தானே கடல் உயரும்? பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியுமே! தலைகீழாக மாட்டிவிட்டோம் என்று பதறி, மூடிகளை இடம் மாற்றினாள்.

மாலையில் ஆராய்ச்சி செய்யும் மேடம் வந்தார். தட்டைப் பார்த்ததும் முகம் வாடிவிட்டது. அண்ணி நடந்ததைச் சொன்னாள். மேடம் துள்ளாத குறைதான்.

"அப்போ முதல்ல மாட்டினதுதான் சரி! வேற எங்கேயோ இருந்த பனி உருகி, அந்தத் தண்ணி இங்கே கடலை உசத்தியிருக்கு. தரையில அழுந்தி நின்ன பனியோட விளிம்பைத் தண்ணி தூக்கிடுச்சு. பிடி விட்டதும் பனி உடைஞ்சு உடைஞ்சு பின்னால போயிடுச்சு. இதைத்தாம்மா நான் இவ்வளவு நாளாத் தேடறேன்."

"அப்போ அந்த இன்னொரு பனியை யாரு உருக வெச்சாங்க மேடம்?"

"அது பெரிய கதை. வெயில் கூடினது, அது இதுன்னு போகும். நீங்க இதைச் சொல்லுங்க, முதல்ல மாட்டினது ஞாபகம் வெச்சுத்தானே?"

அண்ணி கண்ணை மூடி யோசித்தாள். நீலம் வலது கையில் இருந்த மாதிரியும் இருந்தது, இடது கையில் இருந்த மாதிரியும் இருந்தது. யோசிக்க யோசிக்க, மேடம் ஆசைப்பட்ட பக்கமே நீலம் நகர்ந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"தெரியலைங்க மேடம்."

மேடம் திட்டவில்லை. இந்தக் குழாயைக் கணக்கில் சேர்க்க முடியாது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அந்த இடத்திலிருந்து கிடைத்தது அது ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்து அண்ணி அழுதாள். நீ செய்தது நியாயம்தான் என்று தேற்றினேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நியாயம் கிடக்கட்டும். மேடம் சொன்னது நிஜமாவே அப்படி நடந்திருந்தா?"