அக்காவுக்குப் பத்தியம்

எங்கள் பாகூர்ப் பக்கத்தில் லிவர் வியாதி என்றால் இரண்டே அர்த்தம். ஒன்று சாராயம், இன்னொன்று மஞ்சள்காமாலை. அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்த என் அக்கா சாராயம் குடிக்கிறவள் இல்லை. ஆகவே காமாலைதான் என்று அம்மா முடிவுகட்டிவிட்டாள்.

அக்காவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனவர் சித்தப்பா. ஸ்கேன் பார்த்த டாக்டர், கல்லீரலில் கொழுப்பு சேர்ந்திருக்கிறது, சாப்பாடுதான் மருந்து என்று சொல்லியனுப்பினார். சோற்றைக் குறை, காய் கீரையைக் கூட்டு, இனிப்பாக எதையும் குடிக்காதே, தினமும் நட. வீட்டுக்கு வந்ததும் சித்தப்பா அதை வாசலில் நின்றபடியே அம்மாவிடம் ஒப்பித்தார். அம்மாவின் காதில் லிவர் என்ற ஒரு சொல்தான் விழுந்தது. முந்தின வருஷம்தான் அப்பா குடித்துக் குடித்து, கண்ணெல்லாம் மஞ்சளாகி, வயிறு வீங்கிச் செத்துப்போயிருந்தார்.

மறுநாளே பத்தியம் தொடங்கியது. எண்ணெய் இல்லை, உப்பு இல்லை. கீழாநெல்லி அரைத்துக் கலந்த மோர், குழையக் குழைய மோர்ச்சோறு. காலையில் எங்கள் கொல்லைக் கரும்பை வெட்டி, ரோட்டோர ஜூஸ் மிஷினில் பிழிந்து ஒரு சொம்பு சாறு. காமாலைக்குக் கரும்புச்சாறு கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம். மாலையில் குளுக்கோஸ். நடந்தால் சூடு ஏறும் என்று நடையையும் நிறுத்தியாயிற்று. எனக்கோ வயிற்றெரிச்சல், அந்தச் சாற்றில் ஒரு வாய் கேட்டால்கூட அம்மா தரமாட்டாள்.

அக்கா ஒருமுறை சொல்லிப்பார்த்தாள். “யம்மா, இனிப்பு குடிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரும்மா.”

“அது கடைச் சக்கரடி. இது நம்ம கொல்லையில வெளஞ்சது. உங்கப்பனத்தான் ஒரு பத்தியம் பாக்காம வாரிக் குடுத்துட்டேன். உன்னையும் குடுக்கச் சொல்றியா?” கேட்டவள் அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். அதன்பிறகு அக்கா அதைப்பற்றிப் பேசவேயில்லை. கொடுத்ததைக் குடித்தாள்.

அடுத்த ஸ்கேனுக்கு அம்மாவும் அக்காவும் நானும் போனோம். படத்தைப் பார்த்த டாக்டர், முன்னைவிட மோசம் என்றார். “என்னம்மா சாப்பிடறே? ஜூஸ் கீஸ் குடிக்கிறியா?”

அக்கா முந்திக்கொண்டாள். “ஸ்கூல்கிட்ட கடையில கூல்டிரிங்ஸ் குடிச்சேன் சார். டெய்லி. அம்மாவுக்குத் தெரியாது.”

அடிப்பாவி! அப்படி ஒரு பாட்டிலை அவள் கையில் நான் பார்த்ததே இல்லை. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். மேசைக்குக் கீழே என் தொடையைச் சதையோடு திருகிக் கிள்ளினாள்.

பஸ்ஸில் ஊர்ச் சனமெல்லாம் பார்க்க அம்மா அவளை அடித்தாள். “நான் வாயக்கட்டி வயித்தக்கட்டிப் பாத்துனு கெடக்குறேன், நீ கண்டதையும் குடிச்சிட்டு வரியா? என்னை உசுரோட கொல்றியேடி!” அடித்த கையாலேயே அவள் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். அக்கா அழவில்லை. மறுநாள் காலை, கெட்ட உடம்பைத் தேற்றவென்று இரண்டு சொம்பு சாறு வந்தது. அக்கா இரண்டையும் குடித்தாள்.

இந்தப் பைத்தியக்காரி எதற்குப் பொய் சொல்லி அடிவாங்கினாள் என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. புருஷனைச் சாகவிட்டவள் தானேதான் என்று நம்பிக்கொண்டிருந்த ஒருத்தியிடம், உன் பெண்ணைக் கெடுப்பதும் நீதான் என்று எந்த வாயால் சொல்வது? ஒன்பது வயதில் எனக்கு அதெல்லாம் எங்கே தெரியும்!