முன்வரிசையிலிருந்து வந்த குரல்

மலேசிய ஜார்ஜ்டவுன் மண்டபம் ஒன்றில் பழைய கிரேக்க நாடகம் ஒன்றைத் தமிழில் போட்டோம். தன் பிறப்பைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டே அழிந்துபோகும் அரசனின் கதை. முடிவு தெரிந்தும் ஓரமாக நிற்கும் ஊர்ப்பெரியவர் வேடம் எனக்கு.

உண்மை தெரிந்த இடையனை அரசன் பிடித்து உலுக்கியபோது, முன்வரிசையில் ஓர் அக்கா எழுந்துவிட்டார்.

"வேணாம் தம்பி, கேக்காத லா! வீட்டுக்குப் போயிரு!"

யாரும் சிரிக்கவில்லை. அரசன் ஒரு கணம் திகைத்தான். பிறகு கேட்டே விட்டான்.

நாடகம் முடிந்ததும் அக்கா நேரே என்னிடம் வந்தார். கண் சிவந்திருந்தது.

"உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே, அண்ணே. ஏன் சும்மா நின்னீங்க?"

"கதை அப்படிக்கா" என்றேன்.

மறுநாளும் அந்தக் காட்சி வந்தது. அக்காவின் நாற்காலியில் வேறு யாரோ. அரசன் இடையனை உலுக்கினான். எனக்கு எல்லாம் தெரியும். நின்றுகொண்டே இருந்தேன்.