பொருள்: தெருவில் அட்டகாசம்

போன வாரம் பக்கத்து வீட்டுச் சுருளி ஒரு வெள்ளைத்தாளோடு வந்து நின்றார். அல்லிநகரத்தில் மளிகைக்கடை வைத்திருப்பவர். தாலுகா ஆபீசில் ரிட்டயர் ஆன நான் மனு எழுதவே பிறந்தவன் என்று எங்கள் தெருவுக்கு ஒரு நம்பிக்கை.

விஷயம் இதுதான். வியாழக்கிழமை அவர் மகள் கவிதாவைப் பெண் பார்க்கக் கோயம்புத்தூரிலிருந்து வருகிறார்கள். அன்றுதான் தெருக்கோயில் திருவிழாவின் கடைசி நாள். மஞ்சள் தண்ணீர் ஊற்றும் நாள். மாமன் முறை, மச்சான் முறையில் ஒருவர் தலைகாட்டினால் போதும்... பெண்கள் குடத்தோடு துரத்துவார்கள். வேறு நாள் பார்க்கலாமே என்றேன். மாப்பிள்ளைக்கு அன்று மட்டும்தான் லீவாம்.

"ஏற்கெனவே ரெண்டு இடம் தட்டிப் போச்சு சார். இந்த அட்டகாசத்தைப் பாத்தா இவுகளும் காரைத் திருப்பிருவாக. ஸ்டேஷனுக்கு ஒரு மனு எழுதிக் குடுங்க."

அட்டகாசம்! இந்தச் சொல் இல்லாத புகார் மனுவை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை. வருசநாட்டில் காட்டுப்பன்றி அட்டகாசம், பஸ் ஸ்டாண்டில் குடிமகன்கள் அட்டகாசம். அப்படி என்னதான் அர்த்தம்? அகராதியைப் புரட்டினேன். வடமொழியில் 'அட்டஹாசம்' – உரக்கச் சிரிப்பது. அவ்வளவுதான்! பலமாகச் சிரித்தவனை முதலில் குற்றவாளி ஆக்கிய புண்ணியவான் யாரோ... நிச்சயம் பக்கத்து வீட்டுக்காரனாகத்தான் இருப்பான்.

சுருளிக்கு நடைமுறையை விளக்கினேன். மனு கொடுக்கலாம், ரசீதும் கிடைக்கும். ஆனால் விசாரிக்க வேண்டிய போலீஸ்காரர்கள் அன்று கோயில் பந்தோபஸ்தில் நனைந்துகொண்டிருப்பார்கள். தாளை மடித்துக்கொண்டு போய்விட்டார்.

வியாழக்கிழமை. கூட்டத்தில் கார் தெருமுனையைத் தாண்டவில்லை. வெள்ளைச் சட்டை மாப்பிள்ளையும் அப்பா, அம்மாவும் இறங்கி நடந்தார்கள். இருபுறமும் குடங்கள். சுருளி இரு கைகளையும் விரித்துக்கொண்டு, டிராபிக் போலீஸ் மாதிரி முன்னால் வந்தார். அவருடைய கொழுந்தியாள் செல்வி அவர் தலையில் ஒரு குடத்தைக் கவிழ்த்தாள். என் மேலும் ஒன்று விழுந்தது – நான் யாருக்கோ மச்சான் முறையாம். மாப்பிள்ளை மேல் மட்டும் ஒரு சொட்டு இல்லை.

அவர் நின்றுவிட்டார். எல்லாருக்கும் ஊற்றுகிறீர்கள், எனக்கு ஏன் இல்லை என்று கேட்டார்.

"முறைக்காரகளுக்குத்தான் ஊத்துவோம் தம்பி," என்றாள் செல்வி. "நீங்க இன்னும் எங்களுக்கு ஒரு முறையும் ஆகலையே."

போயிற்று மூன்றாவது இடமும் என்று சுருளி கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த இளைஞர் அவசரப்படவில்லை. வாட்சைக் கழற்றினார். செல்போனை எடுத்தார். இரண்டையும் அம்மாவிடம் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்து நின்றார்.

"அப்ப ஊத்துங்க."

யார் ஊற்றுவது? செல்வி குடத்தைக் கீழே வைத்துவிட்டாள். மருமகனாக வரப்போகிறவருக்கு அவள் ஊற்றக்கூடாது. கூட்டம் மொத்தமும் சுருளி வீட்டு வாசலைப் பார்த்தது. கவிதா பட்டுப்புடவையோடு படியிறங்கி வந்தாள். சித்தியின் குடத்தை எடுத்தாள்.

"கொஞ்சம் நிமிருங்க. நானும் பாக்கணும்ல."

நிமிர்ந்தார். நிதானமாகப் பார்த்தாள். பிறகு... ஒரே கவிழ்ப்பு!

அகராதி சொன்ன அட்டஹாசத்தை அன்று காதால் கேட்டேன். எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தவர் மாப்பிள்ளையின் அம்மா.

சுருளியின் வேட்டி சட்டையில் உட்கார்ந்து மாப்பிள்ளை கேசரி சாப்பிட்டார். 'வீட்டுக்குப் போய்க் கலந்து பேசிச் சொல்கிறோம்' என்று அவர் அப்பா வழக்கம்போல ஆரம்பித்து, மகனின் மஞ்சள் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திவிட்டார்.

ஆணை பிறப்பித்த பிறகு பரிசீலனை ஏது?