மகளிர் குழுத் தலைவரின் முதுகுவலி

கமிட்டித் தலைவர் வேலை உட்கார்ந்தே செய்கிற வேலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கமிட்டிகளில் மிக்சர் தின்றே தேய்ந்துபோன சக பாவிகளே, உங்களுக்குத்தான் இது புரியும். மைசூரில் ஒரு பொறியியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்ற என்னைத் திரும்பக் கூப்பிட்டு, மகளிர் ஆசிரியர் முன்னேற்றக் குழுவுக்குத் தலைவராக்கினார்கள். கிழவன், வம்பு பண்ணமாட்டான் என்று நினைப்பு.

முதல் கூட்டம்

ஏழு பேர் வந்திருந்தோம். ஏழு பேருக்கும் மீசை. ஒருவருடைய மீசை அவருக்கு முன்னாலேயே வந்து நாற்காலியில் இடம் பிடித்திருந்தது. "மகளிர் குழுவில் ஒரு பெண்கூட இல்லையே?" என்று பிரின்சிபாலைக் கேட்டேன்.

"ஹவுது, ஆமா சார், எல்லா மேடமும் பிஸி. இந்த மீட்டிங்குக்குக் காபி ஏற்பாடு பண்ணிட்டிருக்காங்க."

பள்ளம் தாண்டிய விருந்தினர்

மெக்கானிக்கலில் மாதேவி என்று ஓர் உதவிப் பேராசிரியர். ஹனூர்ப் பக்கம். அவர்கள் காலனியிலிருந்து கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். இயந்திர அதிர்வுகளில் டாக்டர் பட்டம். பதவி உயர்வு வேண்டுமென்றால் வருடாந்தரக் கருத்தரங்கில், வெளியூர் நிபுணர்கள் முன்னால் பேசிக் காட்ட வேண்டும். ஆனால் ஒவ்வொரு வருடமும் அவரை வாசலில் ரங்கோலி போட உட்காரவைத்துவிடுவார்கள். முடித்துவிட்டு உள்ளே போனால் நன்றியுரை நடந்துகொண்டிருக்கும்.

ஒருமுறை அவர் போட்ட மயில் கோலத்தை, பள்ளத்துக்கான எச்சரிக்கை என்று நினைத்து, தலைமை விருந்தினர் ஒரே தாவாகத் தாவினார். அவர் இந்தப் பக்கமே விழுந்தார். தலையில் வைத்த மைசூர்ப் பேட்டாத் தலைப்பாகை மட்டும் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது. "கோலம் தெரியாதென்று சொல்லக் கூடாதாம்மா?" என்றேன்.

"சொன்னா நம்பமாட்டேங்கறாங்க சார். எங்க காலனிப் பொண்ணுகளை இவங்கெல்லாம் எப்பங்க வாசல்ல விட்டாங்க, கோலம் பழகறதுக்கு?"

சாம்பாரில் தாமரை

இந்த வருடம் விட்டால் அடுத்த பதவி உயர்வு எப்போது என்று யாருக்கும் தெரியாது. அப்படியும் பிரின்சிபால் அவரை வாசலுக்கே அனுப்பினார். மாதேவி நேரே போய், சோதனைக்கூடத்திலிருந்த அதிர்வு மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார். நான் பிளக் சொருகினேன். குழு செய்த ஒரே பணி அது. இரும்புத் தகட்டில் ரங்கோலிப் பொடியைக் கொட்டி சுவிட்சைப் போட்டார். தகடு எங்கே அதிரவில்லையோ அங்கே பொடி ஓடி ஒதுங்கி நட்சத்திரமாக நின்றது. அதிர்வைக் கூட்டினார்; தாமரையானது. கேன்டீன் சாம்பாரில்கூட எட்டிதழ்த் தாமரை விழுந்தது. கண்ணால் பார்த்தேன், நம்பாவிட்டால் போங்கள்.

வந்த நிபுணர்கள் ஒருவரும் உள்ளே போகவில்லை. கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். மாதேவி வாசலிலேயே நின்று முழு உரையையும் பேசி முடித்தார். உள்ளே வரவேற்புரையைக் காலி நாற்காலிகள் கேட்டுக்கொண்டிருந்தன. கடைசியில் பிரின்சிபால் கண்கலங்க ஓடி வந்தார்.

"பிரமாதம் மேடம்! ரங்கோலியை மெஷினே போடுதே, இனி உங்க ரெண்டு கையும் ஃப்ரீ. ஆரத்தித் தட்டைப் பிடிச்சுக்கலாம், ஹவுதா?"

மாதேவி இப்போது இணைப் பேராசிரியர், மெஷினை உள்ளே வைத்துப் பூட்டிச் சாவியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார், ஆகவே ஒவ்வொரு விழாவுக்கும் வாசலில் குனிந்து புள்ளி வைத்துக்கொண்டிருப்பவன் மகளிர் முன்னேற்றக் குழுவின் தலைவனாகிய நான்.