தறிக்காரர் அவிழ்த்த துணி

குமாரபாளையத்தில் எங்கள் விசைத்தறிக் கொட்டகையின் ஒரு மூலையில் என் சாய டிரம் இருந்தது. அவுரி நீலமும் சுண்ணாம்பும் வெல்லமும் போட்டுப் புளிக்கவைத்த சாயம். அந்த இடத்தில் இன்னொரு தறி போடலாம் என்று என் வீட்டுக்காரர் அரித்துக்கொண்டே இருந்தார். "கோயமுத்தூர்க் கடைக்காரம்மா வந்து துணியைப் பாக்கட்டும். வேண்டாம்னா டிரம்மை எடுத்துடறேன்" என்று வாயை விட்டுவிட்டேன். அந்தம்மா மறுநாள் காலை வருவதாக இருந்தது.

ஜப்பான்காரர்கள் செய்கிற மாதிரி, துணியைக் கிள்ளிக் கிள்ளி நூல் சுற்றிக் கட்டியிருந்தேன். கட்டிய இடத்தில் சாயம் ஏறாது, வெள்ளை வளையமாக நிற்கும். விரலெல்லாம் நூல் அறுத்திருந்தது. துணியைப் பலகைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் ஒரு கட்டுகூட இல்லை. நீவி, மடித்து வேறு வைத்திருக்கிறது.

"ஏனுங்க, இதை யாரு அவுத்தது?"

"நாந்தான் புள்ள. ஒரே முடிச்சாக் கெடந்துச்சு. பாத்துட்டு எப்படிச் சும்மா போறது?"

தறிக்காரர் கை அப்படி. முடிச்சு தெரிந்தால் துணியை இரண்டாம் தரம் என்று தள்ளிவிடுவார்கள். அது எனக்கும் தெரியும். தெரிந்தும் நம்பவில்லை. தறி போட வழி பண்ணுகிறார் என்றுதான் தோன்றியது.

"கண்ணு இருக்குதுங்களா, இல்ல அதையும் வித்துத் தறி வாங்கிப்போட்டீங்களா?"

"கத்தாத. நூலைக் குடு, நானும் கட்டறேன்."

கட்டினார். அவர் வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. நான் போடுவது ஒரே இழுப்பில் அவிழும். அவர் போட்டதெல்லாம் அறுந்த இழையை இணைக்கிற தறி முடிச்சு, இழுக்க இழுக்க இறுகும். நான் கவனிக்கவில்லை. கட்டுவதும், எழுந்துபோய் டிரம் மூடியைத் திறந்து பார்ப்பதுமாக இருந்தேன்.

முக்கி எடுத்தோம். பச்சையாக வந்த துணி காற்றுப் பட்டு நீலமானது. நல்ல நீலம். காலையில் அவிழ்க்க உட்கார்ந்தால், அவர் கட்டியதில் ஒன்றும் அசையவில்லை. நகம் பிய்ந்தது. பிளேடு போட்டேன். இரண்டு இடத்தில் துணியே கிழிந்தது.

கடைக்காரம்மா துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ஓட்டை வழியாக அவர் விரல் எட்டிப்பார்த்தது.

"கலர் நல்லாருக்குங்க. ஆனா இதை எப்படி விக்கிறது? வேற இருந்தாக் காட்டுங்க."

வேறு இல்லை.

சொன்னது சொன்னதுதான். சாயங்காலம் டிரம்மை ஒரு பக்கம் நான் பிடித்தேன், மறுபக்கம் அவர். அடி வண்டல் கலங்கக்கூடாது.

"மெதுவாங்க!"

"மெதுவாத்தான் வாரேன்."

கக்கூஸுக்கும் தண்ணித்தொட்டிக்கும் நடுவே வைத்தோம். நாளெல்லாம் வெயில் அடிக்கிற இடம், சாயம் கெட்டுப்போகும். மேலே தகரம் போட்டுத் தருகிறேன் என்றார்.

தறி வந்து ஓடுகிறது. தகரம் இன்னும் வரவில்லை. தினமும் கேட்கிறேன்.