மாஸ்க்குக்காவ போன மீசை

முழிச்சிக்கினு கீறப்போ வாங்கி, தூங்கசொல்ல மட்டும் போட்டுக்கிற ஒரு சாமான விக்கிறது இன்னா பேஜாருன்னு, வித்தவனுக்குத்தான் தெரியும்.

வருசம் ரெண்டாயிரத்து சொச்சம். பி.காம் ரெண்டாவது வருசத்துலயே காலேஜுக்கு ஒரு கும்புடு போட்டுட்டு, ராயபுரத்துல ஒரு கடைல சேந்தேன். குறட்டை வுடசொல்ல மூச்சு நின்னு நின்னு வர்ற ஆளுங்களுக்கு காத்து அடிக்கிற மிஷினு விக்கிற கடை. மிஷின்லருந்து ஒரு டியூபு, டியூபு முனைல மூஞ்சில மாட்ற மாஸ்க்கு. மாஸ்க்குக்கு அளவெடுக்கறது நானு. கஸ்டமரால நொந்து நூலான தோஸ்துங்களே, மேல படிங்க.

தும்பிக்கை

என் மொத கஸ்டமரு அந்தோணி அண்ணாத்த, ஹார்பர்ல கிரேன் ஓட்றவரு. சிரிச்சா முப்பத்திரண்டும் பளிச்சினு வரிசையா நிக்கும். மீசையோ, ரெண்டு பக்கமும் புறா வந்து உக்காரலாம், அவ்ளோ முறுக்கு. கன்டெய்னரு அந்தரத்துல தொங்கிக்கினு கீறப்போ மனுசன் கேபின்லயே தூங்கிட்டாரு. நல்ல வேளை, கீழ யாரும் இல்ல. அவர எறக்கி, கேட்டாண்ட லாரி நம்பர் எழுத உக்கார வெச்சிட்டாங்க. ஒரு மாசத்துல "மிஷின் போட்டு நல்லா தூங்குறாரு"ன்னு டாக்டரு எழுதிக் குடுத்தா கிரேனு. இல்லாட்டி ரிட்டயர் ஆவுற வரைக்கும் கேட்டுதான்.

சேர்ல நிமுந்து உக்கார வெச்சி, பிளாஸ்டிக் அட்டைய மூக்குல வெச்சி அளந்தேன். மீடியம். மூக்க மட்டும் மூட்ற மாஸ்க்க மாட்டிவுட்டேன். சும்மா கன் மாதிரி உக்காந்துச்சு. கூட வந்த அவரு சம்சாரம் மேரிக்கா, தொங்குற டியூப மேலயும் கீழயும் பாத்துட்டு சொன்னாங்க:

"தும்பிக்கை வெச்சாச்சு தம்பி, இனிமேவாவது ஆனை கத்தாம தூங்கட்டும்."

எண்ணூர்க்காரரு

மூணே நாள்ல திரும்பி வந்துட்டாங்க. மூக்குல போற காத்து வாய் வழியா ஓடிடுதாம். சரின்னு மூக்கு, வாய் ரெண்டயும் மூட்ற பெருசா ஒண்ண எடுத்து மாட்னேன். பக்கத்து சேர்ல எண்ணூர் ஃபேக்டரி ஆளு ஒருத்தரு, அவரும் குறட்டை கேஸுதான், தன் டர்னுக்கு வெயிட் பண்ணிக்கினு இருந்தாரு. அந்தோணி அண்ணாத்த மூஞ்சியப் பாத்ததும் பதறிட்டாரு:

"கேஸ் லீக் ஆனா நாங்க இத மாட்டிக்கினு ஓடுவோம், நீங்க இன்னா இத மாட்டிக்கினு படுக்கப் போறீங்களா?"

துக்கம்

அந்தப் பெரிய மாஸ்க்கும் ராத்திரில புஸ்ஸு புஸ்ஸுனு லீக்கு. சைடால காத்து கெளம்பி கண்ணுல அடிக்குதாம். அண்ணாத்தய சேர்ல வெச்சி சுத்திச் சுத்திப் பாத்தேன். நம்ம அறிவு அப்டி! "மீசைதான் காரணம், எடுத்துடுங்க"ன்னு தீர்ப்பு சொல்லிட்டேன். ஓனரும் பெரிய டாக்டராட்டம் தலைய ஆட்னாரு.

கல்யாண ஃபோட்டோலருந்து கூட வர்ற மீசை அது. ரெண்டு நாளு ஆளயே காணோம். மூணாவது நாளு கடைல ஒருத்தரு வந்து நின்னாரு. "யாரு சார் வோணும்?"னு கேட்டேன். அவருதான்.

"கேட்டாண்ட ஒருத்தன் கைய புடிச்சிக்கினு, வூட்ல யாரு தவறிட்டாங்கன்னு கேக்குறான் தம்பி, நான் இன்னான்னு சொல்ல?"

டம்ளரு

மீசை போயும் லீக்கு போவல. மாசம் முடிய பத்தே நாளு. எத்தினி நேரம் மாட்னாருன்னு மிஷின்லயே பதிவாவும்; பாத்தா, சிக்னல்ல பஸ்ஸு நிக்கிற நேரம்தான் தேறுது. "மூஞ்சி சரியில்லன்னு சொல்லி அனுப்புடா"ன்னுட்டாரு ஓனரு. மீசைய எடுக்க வெச்ச பாவம் எனுக்கு உறுத்திச்சு. கடை பெஞ்சுல துண்டு விரிச்சேன். "வூட்ல படுக்குற மாதிரியே படுங்கண்ணாத்த."

படுத்தாரு. மாட்னேன், மிஷின ஓட்னேன். ஒரு துளி லீக்கு இல்ல. மேரிக்கா மட்டும் புருசனயே மொறச்சிக்கினு நின்னாங்க.

"வூட்ல இப்டியா படுப்ப? கயட்டு."

"சும்மா இரு மேரி."

"கிரேனு வோணுமா, வோணாவா? தம்பி, இந்த ஆளுக்கு பல்லு அத்தினியும் செட்டு. எப்பவோ கயிறு அறுந்து வாய்ல அடிச்சது. ஹார்பர்ல ஒரு ஈ காக்காக்குத் தெரியாது. கயட்டி டம்ளர்ல போட்டுட்டுத்தான் படுக்கும்."

அண்ணாத்த எழுந்து, செவுத்தப் பாத்து திரும்பி, கயட்னாரு. கன்னம் ரெண்டும் உள்ள போச்சு, மாஸ்க்கு தொளதொளன்னு தொங்குச்சு. நான் இத்தினி நாளா அளந்தது பல்லு கீற மூஞ்சி. ராத்திரி படுக்குறது பல்லு இல்லாத மூஞ்சி! பொக்க வாயோட மறுபடி அளந்து, வேற சைஸு மாட்னேன். அட்டப்பூச்சியாட்டம் ஒட்டிக்கிச்சு. அண்ணாத்த மாஸ்க்க இறக்கிட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டாரு:

"அப்போ எம் மீசை இன்னாத்துக்குடா போச்சு?"

மேல

மிச்சம் இருந்த நாளு பூரா ஒயுங்கா மாட்டித் தூங்கினாரு. டாக்டரு எழுதிக் குடுத்தாரு, கிரேன்ல ஏத்திட்டாங்க. மறு மாசம் பாதி முளைச்ச மீசையோட கடைக்கு வந்தாரு. கூட ஹார்பர்லயே வேலை பாக்குற தாடிக்காரரு ஒருத்தரு. நான் அட்டைய எடுக்கறதுக்குள்ள, அண்ணாத்த தன் பல்லு செட்ட கயட்டி உள்ளங்கைல வெச்சி, அவரு மூஞ்சிக்கு நேரா நீட்னாரு:

"இவன் பேச்சக் கேட்டு தாடிய எடுத்துடாத மாமு, மொதல்ல ஒனுக்கு இந்த மாதிரி எதுனா கீதான்னு சொல்லிடு."

அன்னிலருந்து யாரு மாஸ்க்கு கேட்டு வந்தாலும், அளவெடுக்கறதுக்கு முன்னாடி சம்சாரத்தத்தான் கூப்புடுவேன். தூங்குற மூஞ்சி எப்டி கீதுன்னு அதுக்கு சொந்தக்காரனயே கேக்குற மடத்தனம் ஒரு மீசையோட போவட்டும்.