வேர்க்காத இன்ஸ்பெக்டர்

அறுபதுகளில் நடப்பதாக எடுத்த போலீஸ் தொடர் ஒன்று டிவியில் மறுபடியும் ஓடுகிறது. கோட்டு, தொப்பி, மழையில் பளபளக்கும் கார். கொலைகாரன் யாரென்று எனக்குத் தெரியும். இருந்தும் மூன்றாவது முறையாகப் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் அக்கா புருஷன் நினைவுதான்.

மாமா அந்த நாளில் சிதம்பரத்தில் கான்ஸ்டபிள். நான் கடலூர் முதுநகரில் ரயில்வே பார்சல் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமை பாசஞ்சரில் போய் இறங்கினால், சாப்பிட்டதும் இருவரும் மேட்டினிக்குக் கிளம்புவோம். அப்போது ஒரு துப்பறியும் படம் வந்திருந்தது. மாமா அதை நான்கு முறை பார்த்தார். பழைய படமாகி வேறு கொட்டகைக்கு வந்தபோதும் விடவில்லை. கஞ்சி போட்ட போலீஸ் அரைக்கால் சட்டை உரசி உரசித் தொடையெல்லாம் புண். காலை அகட்டி உட்கார்ந்துகொண்டு, திரையில் கோட்டுப் போட்ட இன்ஸ்பெக்டரைக் காட்டி, "அந்தாளுக்கு வேர்க்கவே மாட்டேங்குது பாரு" என்பார். பொறாமையில்லை, ஆசையாகத்தான் சொல்வார்.

செவ்வாய்தோறும் மாமாவின் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். ஸ்ரீமுஷ்ணம் தேருக்குப் போன அவள் புருஷன் திரும்பவில்லை. அவளைக் கண்டதும் மற்றவர்கள் எழுந்து போய்விடுவார்கள். மாமாதான் உட்காரவைத்துப் பதில் சொல்வார். லீவு கிடைத்தால் ஸ்ரீமுஷ்ணத்துக்குப் பஸ் ஏறி, சத்திரம் சத்திரமாக விசாரிப்பார். கையில் போட்டோ இல்லை. இடது காது மடல் கிழிந்திருக்கும் என்பது ஒன்றுதான் அடையாளம். ஒரு வருஷத்துக்கு மேல் இப்படியே போனது.

கடைசியில் அந்த ஆள் எங்கள் ஊரிலேயே இருந்தார். கருவாட்டுக் கூடையைப் பார்சல் போட வந்தவரின் காதைப் பார்த்துவிட்டு, நான்தான் மாமாவுக்குச் சொல்லியனுப்பினேன். மாமா மஃப்டியில் வந்தார். ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே டீக்கடையில் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் அவர் ஓடவில்லை. பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்.

"இங்க வேற குடும்பம் ஆயிடுச்சு சார். செத்துட்டேன்னு அவகிட்ட சொல்லிடுங்க."

மாமா டீயைக் குடித்து முடித்தார். எழுந்து ரயிலுக்கு நடந்தார். நான் பின்னாலேயே போனேன்.

"என்னா சொல்லப் போறீங்க மாமா?"

"தெரியல."

செவ்வாய்க்கிழமை உண்மையைத்தான் சொன்னார். அவள் அழவில்லையாம். "இளைச்சிருக்காரா?" என்று மட்டும் கேட்டாளாம். அதன் பிறகு அவள் ஸ்டேஷன் பக்கம் வரவேயில்லை.

அடுத்த ஞாயிறு கொட்டகைக்கு நடக்கும்போது மாமா தானாகவே பேசினார். "படத்துல ஆளக் கண்டுபுடிச்சதும் லைட்டப் போட்டுடுறாங்க. அவுங்க அவுங்க வூட்டுக்குப் போயிடலாம்."

படம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டார். திரையில் விசாரணை நடந்துகொண்டிருந்தது. நான் எழுப்பவில்லை.